சும்மா இருக்க ஒரு கல்லூரி

‘ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே?’ என்று விசாரிக்காத பெற்றோர் இப்போது குறைவு. பெரும்பாலும் மெக்கானிக்கல், டேட்டா சயன்ஸ் கோஷ்டி. நடுவில் எப்போதாவது ஒரு பெண், ‘நான் பெயின்ட்டிங் படிக்கப் போறேன்’ என்கிறாள். வீட்டில் ஒரு நிமிஷ மௌனம். அப்புறம், ‘போகட்டும், ஃபீஸ் இல்லையே’ என்று அப்பா சமாதானமாகிறார். அந்த ‘இலவச’த்தை இந்த வாரம் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

ஃபீஸ் இல்லை என்பது பெரும்பாலும் நிஜம்தான். 2006 வாக்கில் சில ஜெர்மன் மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ கேட்டுப் பார்த்தன. எதிர்ப்பு கிளம்பி, 2014-க்குள் எல்லாம் வாபஸ். பாடன்-வுர்ட்டம்பெர்க் மட்டும் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது (விலக்குகள் உண்டு). ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ கலை அகாடமிகள் இருப்பது இந்த மாநிலத்தில். மற்ற பெரும்பாலான இடங்களில் பஸ் பாஸ் சமாசாரமெல்லாம் சேர்த்து செமஸ்டருக்குச் சில நூறு யூரோவோடு சரி.

பதிலுக்கு என்ன தருகிறார்கள்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. கிட்டத்தட்ட ஒன்றும் தருவதில்லை.

டுசல்டார்ஃப் அகாடமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1773-லிருந்து இருக்கிறது. முதல் இரண்டு செமஸ்டர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திசை காட்டும் வருஷம். பிறகு ஒரு பேராசிரியரின் ‘கிளாஸ்’ஸில் சேர வேண்டும். கிளாஸ் என்றால் டைம்டேபிள் இல்லை. ஓர் அறை, இருபது முப்பது பேர், பெயின்ட் நாற்றம். பேராசிரியர் அவ்வப்போது வருவார். உங்கள் வேலையைச் சுவரில் மாட்டுவீர்கள். கூடப் படிப்பவர்கள் அதை நார்நாராகக் கிழிப்பார்கள். ஓவியம், சிற்பத்துக்கு சிலபஸ் கிடையாது, மார்க் கிடையாது. 1999-ல் தொடங்கிய போலோன்யா சீர்திருத்தத்தில் ஐரோப்பாவே பேச்சிலர், மாஸ்டர், கிரெடிட் என்று மாறியபோதும், ஜெர்மன் கலை அகாடமிகள் பெரும்பாலும் மசியவில்லை. நம்மூர் அப்பா பாஷையில் சொன்னால், ஐந்து வருஷம் சும்மா இருக்கலாம்.

சும்மா இருப்பது சுலபமில்லை என்று நமக்குச் சித்தர்கள் காலத்திலிருந்தே தெரியும்.

அந்த ‘சும்மா’வில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வெளிநாட்டு மாணவரையே பாருங்கள். யோஷிடோமோ நாரா. ஜப்பானில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, 1988-ல், 28 வயதில், டுசல்டார்ஃபில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். பேராசிரியர் ஏ.ஆர்.பெங்க். நாராவுக்கு ஜெர்மன் சரியாக வராது. பேச ஆளில்லாத அந்தத் தனிமை, சின்ன வயதில் வீட்டில் தனியாக இருந்த நாட்களுக்கு அவரைத் திருப்பி அனுப்பியது. பெரிய தலை, முறைக்கிற கண், யாரிடமும் பேசப் பிடிக்காத மூஞ்சி என்று இன்று உலகத்துக்கே தெரிந்த அந்தச் சின்னப் பெண் உருவானது அங்கேதான். பாஷை தெரியாததே பாடமாகிவிட்டது! 2000-ல்தான் ஊர் திரும்பினார். அந்த வருஷம் வரைந்த ஒரு படம் 2019-ல் ஹாங்காங் ஏலத்தில் சுமார் 25 மில்லியன் டாலருக்குப் போனது. விலைக்காகச் சொல்லவில்லை. ஒரு மூஞ்சி கிடைக்க எத்தனை வருஷம் ஆகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக, அகாடமி இலவசமாகத் தருவது போதனை இல்லை, காலம். அதைக் குறை சொல்ல மாட்டேன். என் குறை வேறு.

முதலில் வாசல். ‘மாப்பே’ என்பார்கள், உங்கள் வேலைகள் அடங்கிய ஃபோல்டர். பேராசிரியர்கள் கூடிப் பார்த்து ‘சரி’, ‘வேண்டாம்’ என்கிறார்கள். அபாரத் திறமை தெரிந்தால் பள்ளிச் சான்றிதழைக்கூடப் பல அகாடமிகள் வற்புறுத்துவதில்லை. மார்க் இல்லாதது அழகு. ஆனால் மார்க் இல்லாத இடத்தில் மறுகூட்டலும் இல்லை. ஏன் வேண்டாம் என்றார்கள் என்பது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது.

இதை உள்ளிருந்தே எதிர்த்தவர் ஜோசஃப் பாய்ஸ் (உச்சரிப்பு சரிதான், ஷங்கர் படத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை). டுசல்டார்ஃபில் 1961-லிருந்து சிற்பப் பேராசிரியர். யார் வேண்டுமானாலும் கலை படிக்கலாம், மாப்பே வைத்துப் பொறுக்குவது அபத்தம் என்று, நிராகரிக்கப்பட்டவர்களைத் தன் கிளாஸில் சேர்த்துக்கொண்டார். 1972 அக்டோபரில் அவர்களோடு போய் அகாடமி ஆபீஸிலேயே உட்கார்ந்துவிட்டார். மாநில அமைச்சர் யோஹன்னஸ் ராவ் (பின்னாளில் ஜெர்மனியின் ஜனாதிபதி) டிஸ்மிஸ் செய்தார். போலீஸ் வரிசைக்கு நடுவே தொப்பியும் புன்னகையுமாக பாய்ஸ் வெளியேறும் போட்டோ பிரசித்தம். 1978-ல் கோர்ட், டிஸ்மிஸ் செல்லாது என்றது. மாப்பே மட்டும் அப்படியே இருக்கிறது.

மாப்பே தேறினால் அடுத்த வாசல், விசா. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அகாடமி மார்க் ஷீட் கேட்காமலிருக்கலாம், விசா கேட்கும். 2022 நவம்பரிலிருந்து, பட்டம் படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் தங்கள் சான்றிதழ்களை ஏ.பி.எஸ். என்ற அமைப்பிடம் சரிபார்த்து வாங்க வேண்டும். பிறகு பிளாக்டு அக்கவுன்ட். 2024 செப்டம்பர் முதல் வருஷத்துக்கு 11,904 யூரோ. பன்னிரண்டு லட்ச ரூபாய்க்குப் பக்கம். போட்டுவிட்டு மாதம் 992 எடுத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். அதாவது ஹோட்டலில் தட்டு கழுவலாம். ஆனால் உங்கள் ஓவியத் திறமையை வைத்து ஃப்ரீலான்ஸாகச் சம்பாதிக்கத் தனியே அனுமதி வாங்க வேண்டும்! படிப்பதற்குச் சம்பந்தமில்லாத வேலைக்குத் தடையில்லை, சம்பந்தமுள்ள வேலைக்கு மனு.

விசாவை நீட்டிக்கப் போனால் ‘நியாயமான காலத்துக்குள்’ படிப்பு முடியும் என்று காட்ட வேண்டும். கெமிஸ்ட்ரி மாணவன் கிரெடிட்டை எண்ணிக் காட்டுவான். ஓவிய மாணவி எதைக் காட்டுவாள்? பேராசிரியரிடம் லெட்டர் வாங்க வேண்டும். சுதந்திரமான கிளாஸில் அவர் கையெழுத்துக்குத் திடீரென்று கனம் கூடிவிடுகிறது. சுவரில் மாட்டிய படத்தை அவர் திட்டும்போது, ஜெர்மன் மாணவன் எதிர்த்துப் பேசுவான். இவள் கொஞ்சம் யோசிப்பாள். யோசிக்க வேண்டியிருப்பதுதான் என் புகார். ஒரே அறை, ஒரே ஈஸல். ஒருத்தனுக்கு ஐந்து வருஷம் சும்மா, பக்கத்தில் இருப்பவளுக்கு அதில் டிக் டிக் என்று கடிகாரம். பாதியில் கிளாஸ் மாறலாம், ஒரு வருஷம் தோற்கலாம் என்பதெல்லாம்தான் இந்தப் படிப்பின் பெருமை. தோற்பதற்கு இவளிடம் பணம் இருந்தாக வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தாங்கக்கூடிய இலவசம் என்று இதைச் சொன்னால் ஜெர்மன்காரர்களுக்குக் கோபம் வரலாம்.

இதெல்லாம் தெரிந்தும் ஒருத்தி கிளம்பினால் தடுக்க மாட்டேன். கன்சல்டன்ட்டிடம் மட்டும் போகாதீர்கள். அவருக்கு மாப்பே என்றால் என்னவென்றே தெரியாது. ஜெர்மன் படியுங்கள், பெரும்பாலான இடங்களில் அதுதான் கிளாஸின் பாஷை. குளிர்கால செமஸ்டர் முடிவில் டுசல்டார்ஃபில் ‘ருண்ட்காங்’ என்று சில நாள் அகாடமியையே பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஊரே திரண்டு வரும். முடிந்தால் போய், சேர நினைக்கும் கிளாஸில் மாணவர்கள் வேலை எல்லாம் பேராசிரியர் வேலை மாதிரியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். இல்லையென்றால் அங்கே ஓரமாக நிற்கும் வெளிநாட்டு மாணவியிடம், பேராசிரியர் கடைசியாக எப்போது வந்தார் என்றும், போன தடவை லெட்டர் கொடுக்க எத்தனை வாரம் ஆயிற்று என்றும் மெதுவாகக் கேளுங்கள்.