பட்டறையைத் தொலைத்த ‘பேட்மேன்’

2018 பிப்ரவரியில் வந்த ஒரு இந்திப் படத்துக்கு இப்போது விமர்சனம் எழுதுவது ரொம்பத் தாமதம்தான். ஆனால் ‘பேட்மேன்’ தியேட்டரை விட்டு இறங்கிய பிறகுதான் அதன் இரண்டாவது ஓட்டம் ஆரம்பித்தது. ‘வேலையிடத்தில் தினசரி படைப்பூக்கம்’ என்ற தலைப்பில் நான் உட்கார்ந்த இரண்டு பயிற்சி வகுப்புகளிலும், நாலைந்து ஸ்லைடு தாண்டுவதற்குள் அருணாச்சலம் முருகானந்தம் வந்துவிட்டார். பக்கத்திலேயே அக்‌ஷய் குமார் படம். சொன்ன பாடமும் ஒன்றேதான்: வெறி வேண்டும், விடாமுயற்சி வேண்டும், ஊர் சிரித்தாலும் பின்வாங்கக் கூடாது. கோயமுத்தூர்க்காரர் ஒருவரின் கதை ஈரோட்டுப் பக்கத்து ஆட்களுக்கு மும்பை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது; வரும் வழியில் முக்கியமான சில பாகங்கள் கழன்று விழுந்துவிட்டன. அவற்றைப் பொறுக்கி எடுத்து வைக்கத்தான் இந்தக் குறிப்பு.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: இயக்கம் ஆர். பால்கி. ட்விங்கிள் கன்னாவின் 2016 புத்தகத்தில் உள்ள ஒரு கதையிலிருந்து எடுத்தது. முருகானந்தம் இதில் லட்சுமிகாந்த் சௌகான் ஆகிவிட்டார், மனைவி சாந்தி காயத்ரி ஆகிவிட்டார் (ராதிகா ஆப்தே), கோவை மத்தியப் பிரதேசத்து மகேஷ்வர் ஆகிவிட்டது. மாதவிலக்கு நாட்களில் மனைவி பழந்துணியைப் பயன்படுத்துவதைப் பார்த்த ஒரு பட்டறைத் தொழிலாளி, குறைந்த விலையில் நாப்கின் செய்ய முயல்கிறார், அவமானப்படுகிறார், கடைசியில் ஜெயிக்கிறார்.

படத்தின் மிகச் சிறந்த பகுதி அதன் ஆரம்பம்தான் என்பது என் அபிப்பிராயம். சைக்கிள் பின்னால் மனைவி வசதியாக உட்காரட்டும் என்று ஒரு இருக்கையைச் செய்து மாட்டுகிறார் லட்சுமி. வெங்காயம் நறுக்கும்போது அவள் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு, ஒரு குரங்கு பொம்மையை வெங்காயம் வெட்டும் கருவியாக மாற்றுகிறார். பால்கி இவற்றைக் கல்யாணப் பாட்டுக்குள் அடக்கி, காதலின் அடையாளமாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் தலைப்புக்குரிய விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பிரச்சினை கண் முன்னால் இருக்கிறது. பொருள் பட்டறையில் கிடக்கிறது. செய்தது சரியா தப்பா என்று அன்றைக்கு மாலைக்குள் தெரிந்துவிடுகிறது. மேனேஜரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தினசரி பழக்கம் என்றால் இந்த நான்கும் சேர்ந்ததுதான். வெறிக்கு இதில் வேலையே இல்லை.

அடுத்து நாப்கின். இங்கே படம் கண்ணீர்ப் பக்கம் திரும்பிவிடுகிறது. நிஜக் கதையோ ஒரு என்ஜினியருக்கு இனிமேல்தான் சுவாரஸ்யமாகிறது. 1998-ல் கல்யாணமான முருகானந்தம் பஞ்சு வாங்கி ஒரு நாப்கின் செய்து மனைவியிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பதில் சொல்ல அடுத்த மாதவிலக்கு வர வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒரு பதில்! இப்படிப் போனால் முடிக்க இருபது வருஷம் ஆகும் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாங்கள் கோடு எழுதி ரன் பண்ணினால் சில நொடிகளில் எர்ரர் வந்துவிடும். அந்த எர்ரர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்றால் எங்களில் எத்தனை பேர் புரோகிராமர் ஆகியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே அவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது பதில் சீக்கிரம் வருவதற்கான ஒரு வழியை. கால்பந்துக்குள் இருக்கும் பிளாடரில் ஓட்டை போட்டு, ஆட்டு ரத்தம் நிரப்பி, உடம்பில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். கூடப் படித்த ஒருவர் கறிக்கடை வைத்திருந்தார். ஆடு அறுக்கப் போகும்போது வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போவாராம். ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடாமல் இருக்க, ரத்த வங்கியில் இருந்த இன்னொரு நண்பரிடம் மருந்து வாங்கிக் கலந்திருக்கிறார். எங்கள் பாஷையில் சொன்னால் இது ஒரு சிமுலேட்டர். மாதக்கணக்கான சோதனையை மணிக்கணக்குக்குக் கொண்டுவந்த சாதனம். நாப்கின் இயந்திரத்தை விட இதுதான் அவருடைய அசலான கண்டுபிடிப்பு என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும். படத்திலும் பிளாடர் உண்டு. ஆனால் அது கறை, ஓட்டம், நர்மதையில் குதித்தல், ஊர்ப் பஞ்சாயத்து என்ற அவமானக் காட்சிக்கான சாமானாகத்தான் வருகிறது. அவர் எதற்காக அதைக் கட்டிக்கொண்டார் என்ற கணக்கு, பார்ப்பவர் மனதில் நிற்பதில்லை.

இன்னொரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிளாடருக்கு முன்னால், மருத்துவக் கல்லூரி மாணவிகள் இருபது பேரைச் சம்மதிக்க வைத்து நாப்கினும் கருத்துப் படிவமும் கொடுத்திருக்கிறார். படிவங்களை வாங்கப் போன அன்று பார்த்தால், மூன்று பெண்கள் மட்டும் உட்கார்ந்து எல்லார் படிவத்தையும் மும்முரமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சோதனை அதோடு காலி. படத்தில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. ஐடி கம்பெனியில் வருஷா வருஷம் ‘எம்ப்ளாயி சர்வே’ நிரப்பிய யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதே இல்லை. கேட்பவர் மனம் கோணக் கூடாது, சீக்கிரம் முடிந்தால் போதும்: இப்படித்தான் பெரும்பாலான கருத்துப் படிவங்கள் நிரம்புகின்றன. முருகானந்தம் அந்தப் படிவங்களைப் பார்த்து ‘நல்ல ரெஸ்பான்ஸ்’ என்று சந்தோஷப்பட்டு, பஞ்சு நாப்கினோடு வியாபாரத்தில் இறங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வந்த பதில் பொய் என்று தூக்கிப் போட்டார் பாருங்கள், அதற்குத்தான் விருது கொடுத்திருக்க வேண்டும்.

இதுவரை நான் சொன்னதை வைத்து, பதில் சீக்கிரம் வந்தால் போதும், படைப்பூக்கம் தானாக வந்துவிடும் என்று யாராவது ஸ்லைடு போட்டுவிடக் கூடாது. முருகானந்தத்தின் கதையே அதை மறுக்கிறது. அவர் எத்தனை வேகமாகச் சோதித்தாலும் உள்ளே இருந்தது பஞ்சு. பஞ்சு சரிப்படாது. பெரிய கம்பெனிகளின் நாப்கினுக்குள் இருந்தது மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று தெரிந்துகொள்ளவே இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருக்கிறது. அத்தனை நாளும் தப்பான பொருளை வைத்துக்கொண்டு சரியான முறையில் உழைத்திருக்கிறார். இது சோம்பலோ திறமைக் குறைவோ அல்ல. ஆங்கிலம் தெரியாத, பதினாலு வயதில் பள்ளியை விட்ட ஒரு வெல்டருக்கு அந்தத் தகவல் எட்டவில்லை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு கல்லூரிப் பேராசிரியரின் உதவியோடு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, கிட்டத்தட்ட 7,000 ரூபாய் போன் பேசியே செலவழித்து, மாதிரிப் பொருள் வரவழைத்தார். தபாலில் வந்தவை கெட்டியான அட்டைகள்.

அந்தப் போன் பேச்சில் ஒரு விவரம் உண்டு. உங்களுக்கு எந்த மாதிரி ஆலை இருக்கிறது என்று அவர்கள் கேட்க, கேள்வியே புரியாத முருகானந்தம், தான் கோயமுத்தூரில் ஒரு மில் முதலாளி, இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டார். அவர்களும் நம்பி அனுப்பிவிட்டார்கள். சொன்னது பொய்தான், ஆனால் பொருத்தமான பொய். மில் முதலாளிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் அது.

படத்தின் மேல் என் முக்கியமான புகாரும் ஊரைப் பற்றியதுதான். மகேஷ்வரைக் குறை சொல்லவில்லை. அழகான ஊர், அகல்யாபாய் ஹோல்கர் ஆண்ட இடம், நெசவுக்கும் பேர்போனது. கேமராவுக்கு நர்மதைப் படித்துறை கிடைத்துவிட்டது. ஆனால் கதைக்குத் தேவைப்பட்டது படித்துறை அல்ல, லேத்துப் பட்டறை. முருகானந்தத்தின் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் அந்தக் கெட்டி அட்டையைச் சமையலறை கிரைண்டர் மாதிரியான ஒன்றில் போட்டு மெத்தென்று பஞ்சு போல ஆக்குகிறார்கள். இரண்டாவதில் அதை அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். பிறகு துணி சுற்றி ஒட்டி, கடைசியாகப் புறஊதாக் கதிரில் கிருமி நீக்குகிறார்கள். மொத்த வேலையையும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். வெளிநாட்டு ஆலை மூன்றரைக் கோடி ரூபாயாக இருந்த காலத்தில், இவருடைய கையால் இயக்கும் இயந்திரம் சுமார் 75,000 ரூபாயாக இருந்தது.

அந்த முதல் கட்டத்தைத் திரும்பப் பாருங்கள். கிரைண்டர்! 1955-ல் பி. சபாபதி வெட் கிரைண்டர் செய்த ஊர்; ‘கோயமுத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடே வாங்கிய ஊர். ஜி.டி. நாயுடு 1937-ல் மோட்டார் செய்த ஊர். பீளமேடு, கணபதி பக்கம் போனால் பம்ப், மோட்டார், வார்ப்பு, கடைசல் என்று அடுத்தடுத்துப் பட்டறைகள். கெட்டியான ஒரு பொருளை அரைக்க வேண்டும் என்றால் அங்கே வேலை பார்த்த ஒருவருக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு ஷாஃப்ட் கடைந்து கொடுக்க, ஒரு பிளேடை மாற்றிப் பொருத்த, கடன் சொல்லி ஒரு மோட்டார் எடுத்து வர நடந்து போகிற தூரத்தில் ஆள் உண்டு. ஈரோட்டிலும் இதே கதைதான். விசைத்தறியில் ஒரு பாகம் உடைந்தால் கம்பெனி ஸ்பேருக்குக் காத்திருக்காமல், மதியத்துக்குள் பக்கத்துப் பட்டறையில் ஒன்றைச் செய்து மாட்டி ஓட்டிவிடுவார்கள். அதற்கு யாரும் ‘இன்னொவேஷன்’ என்று பெயர் வைப்பதில்லை.

படத்தில் இந்தச் சூழல் முழுக்கக் காணோம். பட்டறை இருக்கிறது, ஆனால் அது லட்சுமி சம்பளம் வாங்கும் இடம் மட்டுமே. அதனால் இயந்திரம் அவர் மூளையில் இருந்து குதித்து வந்தது போல ஆகிவிடுகிறது. பால்கியும் தமிழர்தான், கோவையிலேயே எடுத்திருக்கலாமே என்று கேட்டால் இந்தி மார்க்கெட் என்பார்கள். சரி, வியாபாரம் புரிகிறது. ஆனால் ஒரு தனிமனிதனின் வெறி என்று கதை மாறிப்போனதற்கு இந்த இடமாற்றம் பெரிய காரணம்.

அந்த வெறிப் பாடம்தான் வேலையிடங்களில் கெடுதல் செய்கிறது. சாந்தி ஒன்றரை வருஷத்தில் வீட்டை விட்டுப் போய்விட்டார்; பிறகு அம்மாவும் போய்விட்டார். சாந்தி திரும்பி வர ஐந்தரை வருஷம். படம் இதைத் தியாகமாக்கிக் கொண்டாடுகிறது. சோதனைக்கு உட்பட மாட்டோம் என்று சொன்ன மனைவி, தங்கைகள், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அறியாமையில் இருப்பவர்களாகவே வருகிறார்கள். தன் உடம்பை இன்னொருவரின் ஆராய்ச்சிக்குக் கொடுக்க மறுப்பதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம் என்று படத்துக்குத் தோன்றவே இல்லை. 2013-ல் அமித் விர்மானி எடுத்த ‘மென்ஸ்ட்ருவல் மேன்’ ஆவணப்படம், இயந்திரத்தை ஓட்டும் பெண்களுக்கு இதைவிட அதிக இடம் கொடுக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு நாள் ‘இன்னொவேஷன் டே’ நடக்கும். பீட்சா, டீ-ஷர்ட், பரிசு. மற்ற நாட்களில், பில்ட் முடிய நாற்பது நிமிஷம் ஆகிறது, இரண்டு நாள் கொடுத்தால் பத்து நிமிஷமாகக் குறைத்துவிடலாம் என்று ஒரு ஜூனியர் பையன் கேட்டான். ஸ்பிரிண்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்று தடவை கேட்டான். நாலாவது தடவை கேட்கவில்லை. எதைப் பற்றியும் கேட்கவில்லை. அந்த வருஷம் இன்னொவேஷன் டே மேடையில் காட்டிய வீடியோ எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். குடும்பத்தை இழந்தும் விடாத மனிதரைக் காட்டி, நாற்பது நிமிஷத்தைப் பத்தாக்கக் கேட்ட பையனுக்கு ஊக்கம் கொடுத்தார்கள்.

டொயோட்டாவில் 1951-லிருந்து தொழிலாளர் யோசனைத் திட்டம் நடக்கிறது. ஃபோர்டு ஆலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தது. அங்கே வரும் யோசனைகளில் பெரும்பாலானவை மகா சாதாரணமானவை. ஒரு டப்பாவை இடம் மாற்றி வைப்பது, குனியாமல் எடுக்க ஒரு தட்டு அமைப்பது. சைக்கிள் இருக்கை ரகம். அவற்றை யாரும் படமாக எடுக்க மாட்டார்கள். ஆனால் கேட்டவனுக்குப் பதில் வரும். சின்னதாக ஒன்றைச் செய்து பார்க்க இடம் இருக்கும். இன்னொவேஷன் டே நடத்தும் கம்பெனிகள் பீட்சா காசை மிச்சம் பிடித்து, பதில் எத்தனை நாளில் வருகிறது என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கலாம்.

படத்தில் குறையே சொல்ல முடியாதது அக்‌ஷய் குமார். கைகளைப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் போலவே நிற்கிறார், பேசுகிறார். சமூகப் பிரச்சினைக்கான தேசிய விருதும் இந்தப் படத்துக்குக் கிடைத்தது. மாதவிலக்கைப் பற்றிக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வைத்த படம் என்ற வகையில் அது நியாயமானது. ஆனால் போட்டி மேடையில் அமிதாப் பச்சன், நியூயார்க்கில் உடைந்த ஆங்கிலத்தில் நீளமான உரை என்று இரண்டாம் பாதி முழுக்க மைக்கும் கைதட்டலும்தான். என்னிடம் கத்திரிக்கோலைக் கொடுத்தால் அந்த உரையைப் பாதியாக வெட்டி, மிச்ச நிமிஷங்களை அந்த மூன்று மாணவிகள் படிவம் நிரப்பும் காட்சிக்கும், செல்லுலோஸ் அட்டையை முதல் தடவை அரைத்துப் பார்க்கும் காட்சிக்கும் கொடுத்துவிடுவேன்.