வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் எடிட்டர்

பழைய கணினி விளையாட்டுகளைத் தூசி தட்டி மறுபடி விற்கிற காலம் இது. படத்தைப் பளிச்சென்று ஆக்கி, இசையைத் திரும்பப் பதிவு செய்து, புது விலை போட்டுவிடுகிறார்கள். விமர்சனம் எழுதுகிறவர்களும் படத் துல்லியம், சர்வர் வேகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வியூக விளையாட்டு என்றால் நான் முதலில் பார்ப்பது கூடவே வரும் மேப் எடிட்டரைத்தான். அதை வைத்து ஒருவர் தன் ஊர்க் கதையைச் சொல்ல முடிகிறதா? ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டின் 2019 மறுவெளியீடான டெஃபினிடிவ் எடிஷனை இந்தக் கேள்வியோடு எடுத்துக்கொள்கிறேன்.

மூல விளையாட்டு 1999இல் வந்தது. எடிட்டர் அப்போதே உண்டு. நிலத்தை மேடு பள்ளமாக்கலாம், படைகளை நிறுத்தலாம், ‘இது நடந்தால் அது நடக்கட்டும்’ என்று ட்ரிகர் எழுதலாம். வருடக்கணக்காக விளையாட்டை உயிரோடு வைத்திருந்தவர்கள் இப்படி மேப்பும் மோடும் செய்த ரசிகர்கள். அவர்களுடைய ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற மோட் 2013இல் அதிகாரபூர்வ விரிவாக்கமாகவே ஆகிவிட்டது. ‘இந்தியர்’ என்ற நாகரிகம் விளையாட்டுக்குள் வந்தது அந்த வழியில்தான். 2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வந்தபோது பழைய இந்தியர் ‘ஹிந்துஸ்தானியர்’ என்று பெயர் மாறினார்கள். திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் புதிதாகச் சேர்ந்தார்கள். திராவிடப் படைவீரர்கள் தமிழ் பேசுகிறார்கள். ராஜேந்திர சோழனுக்கு ஒரு கேம்பெயினே இருக்கிறது. நாம் உள்ளே போக 23 வருடம் ஆனது. கதவைத் திறந்து வைத்தவர்கள் மோட் எழுதினவர்கள்.

சந்தோஷம்தான். ஆனால் இந்தத் ‘திராவிடர்’ ஒரே மூட்டை. சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரம் எல்லோரும் அதற்குள். சுருள்வாள் வீரன், திரிசடைக் கப்பல், யானை, மீன்பிடிச் சலுகை என்று ஒரு கடலோரக் குணம் கொடுத்திருக்கிறார்கள். கனமான குதிரைப்படையான நைட் வரிசை கிடையாது. பாண்டிய நாட்டு ராஜாக்கள் கப்பல் கப்பலாகக் குதிரை இறக்கியதை மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் சமமாக மோதவேண்டும் என்கிற ஆட்ட நியாயம் வேறு, வரலாறு வேறு. இங்கேதான் எடிட்டர் உதவிக்கு வருகிறது. அதில் எந்த நாகரிகத்துக்கும் எந்தப் படையையும் வைக்கலாம்.

சோதனைக்கு நான் எடுத்தது எங்கள் திருவண்ணாமலை வல்லாள மகாராஜா கதை. ஹொய்சள அரசன் மூன்றாம் வீரவல்லாளன் 1320களின் இறுதியிலிருந்து இங்கே தங்கி ஆண்டவன். கோயிலில் வல்லாள கோபுரம் இன்றும் அவன் பெயரில் நிற்கிறது. 1342 வாக்கில், சமயபுரம் பக்கத்துக் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டான். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த இடைவெளியில் மதுரை சுல்தானின் படை எதிர்பாராமல் விழ, பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு எண்பது வயது என்கிறது இபின் பதூதாவின் பயணக்குறிப்பு. ஊர்க் கதை இதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார். அதனால் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் சாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, ஆற்றங்கரையில் அவனுக்குத் திதி கொடுக்கிறார்.

முதல் சிக்கல் அளவு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையைச் சுற்றிய வட்டமென்று வைத்தால் குறுக்களவு ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர். 240க்கு 240 கட்ட மேப்பில் இதை அடைத்தால் ஒரு கட்டம் 20 மீட்டர். இருபத்தைந்து ஏக்கர் கோயிலுக்கு 16க்கு 16 கட்டம் தேவை. விளையாட்டிலேயே பெரிய கட்டடமான ‘வொண்டர்’ 5க்கு 5தான். அதன் பக்கத்தில் நிற்கிற வீரனோ பத்து மீட்டர் அகலம்! ஆக மலையைச் சுருக்கி, கோயிலை மதில் மதிலாகக் கட்டி ஒப்பேற்றவேண்டியதுதான். சரி, வரைபடம் என்றாலே சுருக்குவதுதானே.

கண்ணனூர்ப் போர் சுலபம். நட்பில் இருக்கும் எதிரியை ட்ரிகரால் ஒரு நொடியில் பகையாக்கலாம். பேச்சுவார்த்தை நடுவே விழுந்த அடி அப்படியே வந்துவிடுகிறது. அசல் ருசி அடுத்த கட்டத்தில். ‘ரெஜிசைட்’ முறையில் ராஜா செத்தால் ஆட்டம் முடிந்தது. எடிட்டரில் அப்படி முடிக்கவேண்டிய அவசியம் இல்லை. ராஜா விழுந்ததும் திரை திருவண்ணாமலைக்குத் திரும்பும். கோயில் வாசலிலிருந்து ஒரு ஊர்வலம் கிளம்பும். ஆட்டக்காரர் அதை ஆற்றங்கரை வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் வெற்றி. தோற்ற போரில் வெற்றி என்னவாக இருக்கமுடியும் என்பதற்கு ஊர் கண்டுபிடித்த விடை அது. ராஜேந்திரன் கேம்பெயின் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நாடு பிடிக்கிற கதைதான். பிடிக்காமல் போன கதையைச் சொல்ல எடிட்டர் இடம் தருகிறது.

இடம் தராத விஷயமும் உண்டு. விளையாட்டுக்குத் தெரிந்த கோயில் ஒரு மடாலயம். துறவிகள் வெளியே வந்து எதிரி வீரனை மதம் மாற்றுவார்கள். புனிதப் பொருளை உள்ளே வைத்தால் தங்கம் சொட்டும். நிலம், ஏரி, விளக்கெரிக்க நெய், அதற்கு ஆடு மாடு என்று ஊரையே நடத்திய கோயிலுக்கு இதில் விதியே கிடையாது. பெயரை மாற்றலாம், உருவத்தை மாற்றலாம், வேலையை மாற்றுவது கஷ்டம். மெனுவில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. வீரன் தமிழில் பதில் சொல்வான். கட்டளைப் பட்டியலை இங்கிலீஷில் படிக்கவேண்டும். எங்க ஊர்ப் பள்ளிப் பையனை எடிட்டர் முன்னால் உட்காரவைத்தால் முதல் தடை இதுதான்.

செய்த மேப் யாருக்குச் சொந்தம் என்பது அடுத்த கேள்வி. 2020 ஜனவரியில் வந்த ‘வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட்’, ரசிகர்கள் செய்யும் மேப்பெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று விதி போட்டது. ‘டோட்டா’ அந்த விளையாட்டின் மேப்பாகப் பிறந்து வேறொரு கம்பெனிக்குக் கோடிகளை ஈட்டித் தந்த எரிச்சல். அதே வருடம் ஜூனில் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ மறுவெளியீட்டோடு எடிட்டரையும், ஆட்ட விதிகளின் மூலநிரலை ஜிபிஎல் உரிமத்திலும் கொடுத்தார்கள். நாளைக்குக் கம்பெனி கடையை மூடினாலும் அதை எடுத்து ஓட்ட ஆள் இருப்பார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எடிட்டர் தாராளம், விதிகளின் நிரல் பூட்டிய பெட்டி.

என் தீர்ப்பு இதுதான்: வாங்கலாம், எடிட்டருக்காக. படம் பத்து வருடத்தில் பழசாகிவிடும். மாசி மகத் திதி எழுநூறு வருடத்துக் கதையைப் பிடித்துவைத்திருப்பது, வருடாவருடம் யாராவது அதைத் திரும்பச் செய்வதால். மேப்புக்கும் அதே கதிதான். அடுத்தவர் திறந்து திருத்த முடிகிற வரைக்கும்தான் அதற்கு உயிர்.