நூறும் நூற்றும்: இடமதிப்புக் கற்பித்தலில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி

‘நூற்று இருபத்து மூன்று’ என்று ஆசிரியர் சொல்ல, தொடக்கநிலைக் குழந்தை 100203 என்று எழுதுவதுண்டு. இப்பிழை தமிழ்க் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. பிற மொழிச் சூழல்களிலும் கல்வியாய்வாளர் இதனைப் பதிவு செய்துள்ளனர். அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, ஒன்றுகள், பத்துகள், நூறுகள் எனக் கட்டம் வரைந்து காட்டுவது வகுப்பறை வழக்கம். ஆனால் அக்குழந்தை தான் கேட்டதைப் பிழையின்றியே எழுதியிருக்கிறது. நூறு, இருபது, மூன்று ஆகிய மூன்றும் அங்கே உள்ளன; வரிசையும் மாறவில்லை. பழைய தமிழ் எண்குறி முறையில் இதே எண் ௱௨௰௩ என எழுதப்பட்டது. நூற்றுக்கும் பத்துக்கும் தனிக்குறி கொண்ட அம்முறையும் பேச்சின் வரிசையையே பின்பற்றியது. ஆகவே குழந்தைக்கு விளங்காதது எண் அன்று. ஓர் இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பை உணர்த்தும் என்னும் எழுத்து மரபே.

இம்மரபை விளக்குவதற்கான கருவி தமிழ் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியிலேயே இருக்கிறது. கணிதக் கற்பித்தலும் இலக்கணக் கல்வியும் தனித்தனியே நடப்பதால் அது கவனம் பெறவில்லை. ‘நூறு’ என்றால் எண் அங்கே முடிகிறது; ‘நூற்று’ என்றால் பின்னும் ஒன்று வரவிருக்கிறது. நெடிற்றொடர்க் குற்றியலுகரத்தில் றகரம் இரட்டும் என்று நன்னூல் கூறும் விதிக்கு உட்பட்டதே இது. இருபது ‘இருபத்து’ ஆவதும், ஆயிரம் அத்துச் சாரியை பெற்று ‘ஆயிரத்து’ ஆவதும் இதே பணியைச் செய்கின்றன. ஆறு வயதுக் குழந்தை நன்னூல் படித்ததில்லை. ஆயினும் ‘நூறு மூணு’ என்று சொல்வதில்லை, ‘நூத்தி மூணு’ என்றே சொல்கிறது. விதி அதன் நாவில் முன்பே இருக்கிறது.

இதனை இடமதிப்பு அட்டைகளோடு இணைக்கலாம். 100, 20, 3 என்று எழுதிய மூன்று அட்டைகளை வலப்பக்க விளிம்பு பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 123 தோன்றும். சொல் திரியும் இடத்தில் சுழி மறைகிறது. ‘நூற்று இருபது’ என்பதில் இருபது திரியவில்லை, அதன் சுழியும் நிற்கிறது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘நூற்று ஐந்து’ என்பதில் நூறு திரிந்தும் ஒரு சுழி எஞ்சுகிறது. அதாவது, திரிபு ‘இன்னும் உண்டு’ என்று மட்டுமே அறிவிக்கும். எத்தனை சுழி மறையும் என்பதை அடுத்த அட்டையின் அகலமே முடிவு செய்யும். 105ஐக் குழந்தை தானே அடுக்கிப் பார்ப்பது, 123ஐப் பத்து முறை எழுதுவதினும் பயன் தரும். இருநூறும் நூற்றிரண்டும் அடுத்து வரலாம்: இரண்டு முன்னே நின்றால் பெருக்கம், பின்னே நின்றால் கூட்டல்.

கருவி ஓரிடத்தில் தடுமாறுகிறது. தொல்காப்பியமும் நன்னூலும் ஒன்பதும் பத்தும் புணர்ந்து ‘தொண்ணூறு’ ஆவதாக விளக்குகின்றன. ஒன்பதைக் குறிக்கும் ‘தொண்டு’ என்னும் பழஞ்சொல்லோடு அதனை இணைப்பாரும் உளர். எவ்விளக்கத்தை ஏற்பினும் வகுப்பறைச் சிக்கல் ஒன்றே. எண்பத்தொன்பதை அடுத்து வரும் சொல்லில் குழந்தை நூற்றைக் கேட்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரத்தைக் கேட்கிறது. இங்கு மட்டும் சொல்லை நம்பாமல், பத்துப் பத்தாகக் கட்டிய ஒன்பது குச்சிக்கட்டுகளைக் கையில் கொடுத்து, இதன் பெயர் தொண்ணூறு என்று சொல்லிவிடுவதே நேர்வழி. வேர்ச்சொல் விளக்கம் ஆசிரியருக்கு உரியது, குழந்தைக்கு வேண்டா.

‘நூத்தி’ என்ற பேச்சு வடிவத்தை அந்நேரத்தில் திருத்துவதும் தேவையற்றது. இடைநின்றதைக் காட்டும் அடையாளம் அதிலும் குறையாமல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’ என்னும் சொல் இறுதியிலும் இடையிலும் ஒரே வடிவில் நிற்பதால், ஆங்கிலவழி வகுப்பில் இம்முறையைக் கையாளும் ஆசிரியர் எண்ணை முதலில் தமிழில் சொல்லவைத்து, அதன் பின்னரே அட்டையை எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.