மரணப் புகையிரதப் பாதையும் தொலைக்காட்சி நாடகமும்

யுத்தத்தைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்பொன்றை மதிப்பிடும்பொழுது, அது யாருடைய துன்பத்தைக் காட்டுகிறது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுதல் இயலாது. அத்துன்பத்தைத் தோற்றுவித்த உழைப்பின் ஒழுங்கமைப்பை அது எவ்வாறு விளங்கிக்கொண்டுள்ளது என்பதும் வினவப்படல் வேண்டும். 2025 ஏப்ரலில் வெளியாகிய 'த நரோ றோட் ரு த டீப் நோத்' என்னும் ஐந்து பகுதிகள் கொண்ட அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி நாடகம் இவ்வினாவை மலையகத் தமிழர்முன் நேரடியாகவே வைக்கிறது. றிச்சர்ட் பிளனகன் 2013 இல் எழுதி, 2014 இல் புக்கர் பரிசு பெற்ற நாவலைத் தழுவி ஜஸ்ரின் கேர்செல் நெறிப்படுத்திய இந்நாடகத்தின் நாயகன் ஓர் இராணுவ வைத்தியன். தாய்லாந்தின் பான்பொங்கையும் பர்மாவின் தன்பியூசயட்டையும் இணைக்க 1942-43 இல் யப்பானிய இராணுவம் அமைத்த 415 கிலோமீற்றர் புகையிரதப் பாதையே அதன் களம்.

உடப்புசல்லாவைத் தோட்டமொன்றில் இளைஞர் சிலருடன் இந்நாடகத்தைப் பார்க்க நேர்ந்தது. உடனிருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் முடிவில் எம்மிடம் கேட்டார்: "ஏன் தம்பி, அம்புட்டு ஆளுக்கும் அங்க பெரட்டு எடுத்தது யாரு?" அதிகாலையில் ஆட்களை நிரையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் ஒழுங்கையே பெரட்டு என்பர். நாடகம் பற்றி நாம் வாசித்த விமரிசனங்கள் எவற்றிலும் இக்கேள்வி இல்லை. வரலாற்றின் திறவுகோல் இதிலேயே உளது என்பது எமது துணிபு.

கடல்வழியே இரங்கூனுக்குச் செல்லும் கப்பல்கள் நேசநாட்டு நீர்மூழ்கிகளின் தாக்குதலுக்கு உட்பட்டமையால், பர்மாவிலிருந்த படைக்குத் தரைவழி தேவைப்பட்டது. வேலையில் ஈடுபடுத்தப்பட்ட மேனாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ 1,80,000க்கும் அதிகம். அவர்களுள் இறந்தோர் 90,000 வரை எனவும் அதற்கு மேல் எனவும் மதிப்பிடப்படுகின்றனர். பர்மியர் இவர்களுட் பெருந்தொகையினர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஏறக்குறைய 75,000 பேருட் பெரும்பான்மையோர் இறப்பர் தோட்டத் தமிழர்.

இவர்கள் எவ்வாறு அங்கு சென்றனர்? ஆக்கிரமிப்பின் பின் இறப்பருக்குச் சந்தை இல்லாதொழிந்தது, அரிசி அருகியது, வெள்ளைத் துரைமார் சிறைமுகாம்களில் அடைபட்டனர். தோட்டங்கள் கிராணிமாரின் பொறுப்பில் எஞ்சின. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத ஒப்பந்தம் என ஆசை காட்டப்பட்டது. சென்றவர் திரும்பவில்லை என்ற செய்தி பரவியபின் தோட்டத்திற்கு இத்தனை பேர் எனக் கணக்கு விதிக்கப்பட்டது. பெயர்களைத் தெரிந்து கொடுத்தோர் கிராணிமாரும் கங்காணிமாருமே. ஆகவே, யப்பானிய இராணுவம் புதியதொரு அடிமை இயந்திரத்தைப் படைத்தது என்பதிலும், பிரித்தானிய மூலதனம் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள்திரட்டுவதற்கு ஆக்கிவைத்த இயந்திரத்தைக் கைப்பற்றி முடுக்கிவிட்டது என்பதே பொருந்தும். செக்ரோல் மாறவில்லை, எசமான் மாறினான். முதியவரின் கேள்விக்கு விடை இதுவே.

இக்கூற்று யப்பானிய இராணுவத்தின் கொடுமையைக் குறைத்துரைப்பதன்று. 1941 இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு சனவரியில் இங்கு முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானான். ஒரே வர்க்கத்தின் இரு கரங்கள் இவை. சேலம், திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களில் ஒரே குடும்பத்தின் ஒருவர் கண்டிச்சீமைக்கும் மற்றவர் மலாயாவிற்கும் செல்வதை நிருணயித்தது பெரும்பாலும் ஊருக்கு வந்த கங்காணி யார் என்பதே.

இனி, இறப்பு வீதத்திலுள்ள பெரும் வேறுபாட்டை நோக்குவோம். கைதிகளிடையே படையணி ஒழுங்கு இருந்தது, வைத்தியர் இருந்தனர், நீரைக் கொதிக்கவைத்தே அருந்தவேண்டும், மலகூடக் குழிகள் வெட்டவேண்டும் என்ற கட்டளைகள் நிறைவேறின. பிளனகனின் தந்தை எந்த வைத்தியரின் கீழ்க் கைதியாயிருந்தாரோ அந்த டன்லொப், அதிகாரிகளின் படியில் ஒரு பகுதியை அறவிட்டு நோயாளருக்கு உணவும் மருந்தும் வாங்கினார். தொழிலாளர் முகாம்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர், வைத்தியர் இலர். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம்கள் முழுமையாகவே அழிந்தன. அவ்வாண்டு நடுப்பகுதியில் சிங்கப்பூர்க் கைதிகளிலிருந்து இரு வைத்திய அணிகள் தொழிலாளருக்கென அனுப்பப்பட்டபோது காலம் கடந்திருந்தது. காடும் மழையும் இரு சாராருக்கும் ஒன்றே. உயிர்பிழைத்தல் அமைப்பினைப் பொறுத்திருந்தது. தோட்டமுறைமை தொழிலாளரிடமிருந்து திட்டமிட்டுப் பறித்ததும் அவ்வமைப்பையேயாகும்.

நாடகம் இதனைத் தனிமனிதனின் மனச்சாட்சிக் கதையாகக் காண்கிறது. கைதிகளின் வேதனை மெய். கேர்செல் அதனை அலங்காரமின்றிக் காட்டும் நேர்மை பாராட்டத்தக்கது. யப்பானிய அதிகாரிக்கும் உள்மனம் ஒன்று அளிக்கப்பட்டுள்ளது. ஆயினும் கதையை நடத்திச் செல்லும் பாத்திரங்களுள் தோட்டத் தொழிலாளி ஒருவனும் இல்லை. கொலையாளிக்கும் அகவாழ்வு வழங்கும் தாராண்மை மனிதாயதம், கூலிக்கு அதனை வழங்க இன்னும் ஆயத்தமாகவில்லை போலும்.

இம்மரபு பழையது. 'குவாய் நதிப் பாலம்' நாவலை 1952 இல் வெளியிட்ட பியெர் பூல், யுத்தத்திற்கு முன் மலாயாவின் இறப்பர் தோட்டங்களில் உத்தியோகம் பார்த்தவர். தமிழ்த் தொழிலாளரை அன்றாடம் கண்டவர், பாதை பற்றிய கதையில் பிரித்தானியக் கேணல் ஒருவரின் பிடிவாதத்தை மையமாக்கினார். அதனைத் தழுவிய டேவிட் லீனின் திரைப்படம் (1957) நம் நாட்டுக் கித்துள்கலையில், அற்றன் செல்லும் வீதியருகே படமாக்கப்பட்டது. மலாயாத் தமிழரின் உறவினர் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலைகளின் அடிவாரத்தில், அவர்களற்ற பாலமொன்று கட்டித் தகர்க்கப்பட்டது. ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. உடப்புசல்லாவை வாசகருக்குப் புகையிரதப் பாதையின் பொருளாதாரத்தை விளக்க வேண்டியதில்லை: நானுஓயாவிலிருந்து இராகலை வரை 1903-04 இல் தேயிலைக்கென இடப்பட்ட சிறுபாதை, மூலதனத்திற்குப் பயனற்றுப் போகவே 1940களில் மூடப்பட்டது.

தமிழ்ப் புனைகதையின் நிலை யாது? ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) யுத்தகாலத் தென்கிழக்காசியாவைக் கையாண்ட முதன்மையான நாவல். எனினும் அதன் பார்வை வட்டிக்கடைப் பெட்டியடியிலிருந்து எழுவது. தோட்டத் தொழிலாளர் நின்ற நிலையிலிருந்து எழுதியோர் மலேசியத் தமிழரே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993 இல், பாதை நிறைவுற்று ஐம்பதாண்டுகளின் பின்னரே நூலாகியது, பின்னர் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' வந்தது. நாவலிலக்கணம் கற்றோர் இவற்றில் நெகிழ்ந்த கட்டுக்கோப்பைக் குறைகூறல் கூடும். அக்குறையை நாமும் மறுக்கவில்லை. ஆனால் தனிநாயகனைச் சுற்றி வளர்ந்த ஒரு வடிவம், கூட்டமாக அழைத்துச் செல்லப்பட்டுக் கூட்டமாகப் புதைக்கப்பட்டோரின் கதையைத் தாங்கும்போது நெகிழ்வது இயல்பே; செம்மையான தொலைக்காட்சி நாடகம் தவிர்த்துச் சென்ற சிக்கலோடு இந்நாவல்கள் மோதியிருக்கின்றன.

1951 இல் சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் பேறாகப் போர்க்கைதிகளுக்குச் சிறுதொகையேனும் கிட்டியது. தொழிலாளருக்கு அதில் இடமிருக்கவில்லை. தோட்டத் தமிழரின் குடியுரிமையை 1948 இல் பறித்த இலங்கை அரசின் சார்பில் அம்மாநாட்டிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தன, புத்தர் வாக்கை எடுத்தாண்டு யப்பானிடம் இழப்பீடு கோரோம் என்றார். மன்னிக்கும் பெருந்தன்மை மண்டபத்தில் நிறைந்திருந்தது. மலாயாவுக்காகக் கையொப்பமிடும் உரிமை பிரித்தானியரிடம் இருந்தது.

காஞ்சனபுரி யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் நிரைநிரையாக உள. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நகரிலுள்ள பௌத்த விகாரையொன்றில், ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் ஒருங்கே புதைக்கப்பட்ட இடத்தில், 2023 இல் தமிழர் நடுகல் ஒன்று நாட்டினர். வீழ்ந்தவன் பெயரைக் கல்லிற் பொறிப்பது சங்ககால வழக்கு. இந்நடுகல் பல்லாயிரவருக்குப் பொதுவாக ஒன்று.