காட்டுக்குப் போகிறவள் எடுத்துக்கொள்வது

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவிகளைக் கொல்லிமலைக்கு அழைத்துப் போயிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தலை சுற்றிக் களைத்துப்போன ஒரு பெண், செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "இவரு வேட்டைக்குப் போறப்ப தண்ணி யாருங்கம்மா எடுத்துட்டுப் போனாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலையிறங்கி நாமக்கல் வந்து சேரும் முன்பே அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தத் தொடங்கிவிட்டது. புறநானூறு நடத்திய இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்டிராத கேள்வி அது.

ஓரியின் வேட்டையை நமக்குத் தந்தவர் வன்பரணர். புறநானூற்றின் 152ஆம் பாட்டு. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. 'ஓரியின் வில்லாற்றலை விளக்குக' என்று தேர்வில் கேட்போம். மாணவிகள் ஐந்து விலங்குகளையும் வரிசை மாறாமல் எழுதுவார்கள். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழா எடுப்பதும் அந்த வில்லுக்குத்தான்.

பாட்டு அம்போடு முடிந்துவிடவில்லை. பசியோடு வந்த பாணர் கூட்டத்துக்கு, அதில் விறலியும் இருக்கிறாள், காட்டு வழியிலேயே வெந்த மான்கறியும் மதுவும் கிடைக்கின்றன. அப்படியானால் அங்கே நெருப்பு இருந்தது, பானை இருந்தது, மது நிறைந்த கலம் இருந்தது. அவற்றை யாரோ மலைமேல் சுமந்து வந்திருக்க வேண்டும். பாட்டு அதைச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

இதே வன்பரணர் 150ஆம் பாட்டில் நள்ளியைப் பாடுகிறார். அங்கே வேட்டுவத் தலைவன், தன்னுடன் வந்து வழி தவறிய இளைஞர்கள் வந்து சேரும் முன்பே, தானே தீக்கடைகோலால் நெருப்பு உண்டாக்கி, கொழுத்த கறியைச் சுட்டு, பசித்தவர்களுக்குத் தருகிறான். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு இது. வேட்டைக்காரனிடம் வில்லைத் தவிர வேறொரு கருவியும் இருந்ததென்று காட்டுகிற பாட்டு. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு தலைவன் ஒருநாள் அடுப்பு மூட்டினால் அது கொடையாகிறது. அவன் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிறான்.

பெண்கள் தினமும் மூட்டிய அடுப்பைப் பார்க்கப் பெரும்பாணாற்றுப்படைக்குப் போக வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்த நெடும்பாட்டின் வழியில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகிறது. குடிசைக்குள் அப்போதுதான் பிள்ளை பெற்றவள் மான்தோலில் குழந்தையோடு படுத்திருக்கிறாள். அவளை விட்டுவிட்டு மற்றப் பெண்கள் வெளியே போகிறார்கள். கையில் இரும்புப் பூண் மாட்டிய, வலுவான தோண்டுகோல். கரம்பை நிலத்தைக் குத்திக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியைப் புழுதி படிய எடுக்கிறார்கள். முற்றத்தில் விளாமரம், அதில் வேட்டைக்குப் பழக்கிய பார்வை மான் கட்டியிருக்கிறது. அதன் நிழலில் தரையில் குழித்த உரலிலிட்டுக் குறுகிய உலக்கையால் குத்துகிறார்கள். ஆழக் கிணற்றில் ஊறும் உவர்நீரை எடுத்து, வாய் உடைந்த பழம்பானையை உடைந்த அடுப்பிலேற்றி, உப்புக்கண்டத்தோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். வருகிற பாணர் குடும்பத்துக்குத் தேக்கிலையில் அதைக் குவித்துத் தருகிறார்கள்.

வறண்ட நிலத்தில் உயிர் பிழைக்க என்னென்ன வேண்டும் என்பதற்குத் தமிழில் இதைவிடத் துல்லியமான பட்டியலை நான் படித்ததில்லை. தோண்டுகோல், உரல், உலக்கை, பானை, உலர்த்திய இறைச்சி. எங்கே எறும்பு தானியம் சேர்க்கும் என்கிற அறிவு இவற்றுக்கெல்லாம் முன்னால் வருகிறது. வேட்டை பொய்த்த நாளிலும் அந்தக் குடியிருப்பு சாப்பிட்டிருக்கும். ஆனால் நள்ளிக்குப் பெயர் உண்டு, இந்தப் பெண்களுக்கு இல்லை. நள்ளி கொடுத்ததைப் போலவே இவர்களும் கொடுத்தார்கள். எந்த வள்ளல் வரிசையிலும் ஓர் எயிற்றி இல்லை. உடம்பெல்லாம் புழுதி படிய உழைத்து வருகிறவர்களைப் பார்க்கும்போதும் புலவரின் கண் அவர்களுடைய வெண்பற்களில் போய் நிற்கிறது. அவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்தத் தோண்டுகோலின் இரும்பையாவது அவர் பார்த்தார், அதைப் பாட்டில் வைத்தார். 1894இல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்த பிறகு வீரயுகம் பற்றி நாம் எழுதிக் குவித்த நூல்களில் அந்தக் கோலுக்கு எத்தனை பக்கம் கொடுத்தோம்? வில் ஆயுதமாயிற்று. தோண்டுகோல் 'அக்கால மக்கள் வாழ்க்கை' என்ற கடைசி இயலுக்குப் போயிற்று.

எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் 'காட்டுக்குப் போறேன்' என்றால் மேட்டு நிலத்து வேலைக்குப் போவது. என் அம்மா காட்டுக்குப் போகும்போது எடுத்துப் போனவை எனக்கு மனப்பாடம்: களைக்கொத்து, தூக்குப்போசியில் சோறு, சும்மாட்டுத் துணி, புடவைக்கு மேல் போட்டுக்கொள்ள அப்பாவின் பழைய சட்டை. குச்சிக்கிழங்குக் காடுகளில் இன்றும் பெண்கள் அதே சட்டையோடுதான் நிற்கிறார்கள். எயிற்றியர் பகுதியை வகுப்பில் நடத்தும்போது இந்தச் சட்டையைப் பற்றியும் சொல்கிறேன். பெண்கள் தலை நிமிர்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை இருந்தது. இந்தப் பெண்கள் சுமந்ததெல்லாம் பிறர் பிழைப்பதற்காக. தனக்கென்று ஒரு பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவள் யார்? பதில் எங்கள் பக்கத்திலேயே இருந்தது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலில் நின்ற ஔவையார். 206ஆம் பாட்டு. பரிசில் தரத் தாமதிக்கிறான் அதியமான். ஔவை அவனோடு பேசவில்லை, வாயில்காவலனோடு பேசுகிறார். கருவிகளைக் காவில் மாட்டியாயிற்று, கலப்பையைச் சுருக்கிக் கட்டியாயிற்று என்கிறார். கலப்பை என்றதும் மாணவிகள் ஏரை நினைப்பார்கள். இது கலம் வைக்கும் பை, இசைக் கருவிகளின் பை. பிறகு அந்த உவமை: கைத்திறன் உள்ள தச்சனின் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் எப்படியோ, அப்படித்தான் எங்களுக்கும், எந்தத் திசைக்குப் போனாலும் சோறு உண்டு.

இதைப் 'புலவரின் பெருமிதம்' என்று நடத்துகிறோம். பெருமிதம்தான். ஆனால் அது வெறும் குணமாக வந்துவிடவில்லை. கட்டிய பை தோளில் இருக்கிறது, தொழில் கையில் இருக்கிறது, அதனால் அந்தச் சொல் வருகிறது. பை அதியமானின் அறைக்குள் பூட்டப்பட்டிருந்தால் ஔவை என்ன பாடியிருப்பார்? அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போதும் (102) அவர் உவமையாக எடுப்பது உப்பு வண்டிக்கு அடியில் கட்டி வைக்கும் சேம அச்சை. மேடு வருமோ பள்ளம் வருமோ என்று முன்கூட்டி யோசித்தவர்களின் பொருள் அது. வழியில் இருந்தவருக்குத்தான் அது கண்ணில் படும். உரைகள் அதை அரசனின் பெருமையாக மட்டும் விளக்கிவிட்டு நகர்கின்றன.

இந்தப் பாட்டை வேறு மாதிரி படிக்க எனக்குக் கற்றுத் தந்தவள் ஒரு பழைய மாணவி. இரண்டாமாண்டு முடியும் முன்பே கல்யாணம் செய்து வைக்கப்பட்டவள். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தாள். அடி வாங்கியிருந்தாள். "கிளம்பி வந்திரு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "சர்ட்டிபிகேட்டெல்லாம் அவங்க பீரோவுல இருக்குதுங்கம்மா. ஆதாரும் அதுலதான். சாவி அத்தைகிட்ட." அவள் அன்றைக்கு வரவில்லை. வெளியே வர மேலும் நான்கு வருடம் ஆயிற்று.

அதற்குப் பிறகு 206ஐ நடத்துகிற நாளில் ஒரு வேலை கொடுக்கிறேன். சான்றிதழ்கள், ஆதார், தன் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம், கொஞ்சம் பணம், மனப்பாடமாக இரண்டு போன் எண்கள். இவை எங்கே இருக்கின்றன, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். என்னிடம் காட்ட வேண்டாம் என்பேன். பல பெண்கள் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் எழுதாமல் இருப்பார்கள்.

தண்ணீரைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது சொல்ல வேண்டும்: பாட்டில் பெயர் இல்லை கண்ணு, ஆனா பானை இருக்குது. அங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்.