நகமும் கடைசலும்: இரு கரைகளின் அரக்கு வேலை

மரச்சாமானுக்கு நிறமேற்ற இன்று ஊருக்கு ஊர் ஸ்பிரே துப்பாக்கி வந்துவிட்டது. காற்றழுத்தம் குறைந்த எச்.வி.எல்.பி. வகைத் துப்பாக்கி, முனையில் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் லேக்கரைத் தூவுகிறது. பழைய துப்பாக்கிகளைவிட விரயம் குறைவுதான். ஆனாலும் தூவியதில் ஒரு பங்கு காற்றில்தான் கலக்கிறது. தின்னர் ஆவியைச் சுவாசிப்பவர் பட்டறைத் தொழிலாளி. இலங்கையிலும் இந்தியாவிலும் இதற்கு முன்பே ஒரு நிறமேற்றும் முறை இருந்தது. கரைப்பானும் தூறலும் அதற்குத் தேவையில்லை. அரக்கும் சூடும் ஓர் ஓலையும் போதும்.

இந்தியாவில் இந்த வேலையின் பெருவழி கடைசல். பெங்களூருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள சென்னபட்டணத்திலும், ஆந்திரத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாகாவிலும் வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிடுகிறார்கள். நிறம் கலந்த அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்த, உராய்வில் எழும் சூடே அதை உருக்கிப் பூசிவிடும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் பூச்சு சமமாகி மின்னும். நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களின் பளபளப்பும் இப்படி வந்ததுதான். நிறமேற்றுவதற்கென்று தனி அடுப்பில்லை, உலரக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரே ஆள் நாள் முழுக்கக் கடைந்து தள்ளலாம். அதனால் பொம்மை, கிலுகிலுப்பை, குங்குமச் சிமிழ் என்று கைக்கெட்டும் விலைப் பொருள்களாக அது சந்தையில் பரவியது.

இலங்கையிலும் கடைசல் உண்டு. தெற்கே அம்பாந்தோட்டை மாவட்டத்து அங்கல்மடுவ அதற்குப் பேர்போனது. ஆனால் மாத்தளைப் பக்கத்து ஹப்புவிட கிராமத்தாரின் வழி வேறு. சிங்களத்தில் அதை ‘நியபொத்து வேலை’ என்பார்கள். கருவியே கட்டைவிரல் நகம்தான். அரக்கைக் கரித்தணலில் இளக்கி, இழுத்து மடித்து, மறுபடி இழுத்துப் பதப்படுத்தி நிறம் சேர்ப்பார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை, இவ்வளவுதான் மரபு நிறங்கள். தடிக்கு முதலில் அடிநிறம் பூசி, வேறு நிற அரக்கை இளஞ்சூட்டில் நூலாக இழுத்து அதன்மேல் படியவிட்டு, வேண்டிய இடத்தில் நகத்தால் கிள்ளித் துண்டிப்பார்கள். தாமரை இதழ், கொடி, வளைகோடு எல்லாம் அப்படிப் பிறப்பவை. தணல் கொஞ்சம் மிஞ்சினால் நூல் வழிந்துவிடும், ஆறிவிட்டால் ஒட்டாது. முடிவில் தாளிப்பனை ஓலையால் தேய்ப்பார்கள்.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த இரு முறைகளையும் விரிவாகப் பதிந்திருக்கிறார். யாருக்காகச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு முழுதும் புரியும். கண்டியரசு காலத்தில் ஆலவட்டக் காம்பு, கொடிக்கம்பு, ஈட்டித்தண்டு, ஏட்டுச்சுவடிப் பலகை ஆகியவற்றுக்கே நகவேலை அதிகம் போயிற்று. வாங்குபவர் அரண்மனையும் விகாரையும் என்பதால் அவசரம் இல்லை. ஒரு கம்பில் பல நாள் குனிந்திருக்கலாம். வீட்டுப் பிள்ளையின் கைக்குப் போகும் பொம்மையில் அப்படிக் குனிந்திருக்க முடியாது. வேகம் கடைசலுக்கு, பொறுமை நகத்துக்கு என்று தொழில் பிரிந்ததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

இந்தியாவுக்கு மூலப்பொருள் வீட்டிலேயே இருக்கிறது. ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் அரக்குப் பூச்சியைப் பலாசிலும் கும்பாதிரியிலும் இலந்தையிலும் வளர்க்கின்றன. ராஞ்சிக்கருகே நாம்கும்மில் 1924இல் இதற்கென ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது. இலங்கைக் காடுகளிலும் அரக்கு விளைந்ததுண்டு. ஆனால் அங்குள்ள இன்றைய கைவினைஞர் பெரும்பாலும் இந்திய அரக்கையே நம்பியிருக்கிறார். மீண்டெழுந்த கதையும் இந்தியப் பக்கத்தில்தான் அதிகம். ஏட்டிகொப்பாகாவில் சி. வி. ராஜு செடிகொடிகளின் சாயங்களை மீட்டு அரக்கில் சேர்த்தார். அந்த ஊர்ப் பொம்மைக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவருக்கு 2023இல் பத்மஸ்ரீ.

ஸ்பிரே கடைசலையும் நகவேலையையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. கடைசலின் ஒற்றை நிறப் பளபளப்பைத் துப்பாக்கியால் ஓரளவு போலி செய்துவிடலாம். ஆகவே சந்தையில் முதலில் இடம் இழப்பது கடைசல்காரர். நகம் வரைந்த கொடியை எந்தத் துப்பாக்கியாலும் இடமுடியாது. ஆனால் அந்த உழைப்புக்குரிய விலையைக் கொடுக்கும் கை குறைந்துவிட்டது, அரண்மனையும் போயிற்று. இரண்டில் உடனடியாகக் காக்க வேண்டியது மாத்தளை நகவேலையே என்பேன். கடைசலை எந்திரத்தில் பழகிக்கொள்ளலாம். விரல் நுனியில் தணலின் அளவை அறியும் பழக்கம் ஒரு தலைமுறை விட்டால் போய்விடும்.

வாங்கும்போது பொருளின் குழிகளையும் இடுக்குகளையும் பாருங்கள். அங்கெல்லாம் நிறம் ஒரே சீராகப் புகுந்து, தின்னர் வாடையும் அடித்தால் அது துப்பாக்கி வேலையாக இருக்கலாம். அரக்கா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அரக்குதான் என்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.