வட்டார வரலாற்று ஆய்வுப்பொருள் தேர்வு: பெங்களூரு இடப்பெயர்களை முன்வைத்து

மாணவர் மேற்கொள்ளும் வட்டார வரலாற்று ஆய்வுகளின் குறை பெரும்பாலும் தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ‘ஓர் ஊரின் வரலாறும் பண்பாடும்’ என்பது போன்ற தலைப்பு ஒரு பரப்பைச் சுட்டுகிறதேயன்றி வினா எதனையும் எழுப்புவதில்லை. வினா இல்லாதவிடத்துச் சான்று தேடும் தேவையும் எழுவதில்லை. கிடைத்த நூல்களைத் தொகுத்துரைப்பதே ஆய்வாகிவிடுகிறது. பெங்களூரு வட்டார இடப்பெயர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்குறையையும் அதனைக் களையும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பெயர்க்கதையும் கல்வெட்டும்

பெங்களூரு என்னும் பெயர் குறித்து வழங்கும் கதை பலரும் அறிந்தது. ஹொய்சள மன்னன் வீரவல்லாளன் காட்டில் வழிதவறியபோது மூதாட்டி ஒருத்தி வெந்த பயற்றை அளித்து அவன் பசி தீர்த்தாள் என்றும், அதனால் அவ்விடம் ‘பெந்தகாளூரு’ எனப்பட்டது என்றும் கூறுவர். இரண்டாம் வீரவல்லாளனின் ஆட்சி 1173இல் தொடங்கியது. பேகூர் நாகேசுவரர் கோயிற் கல்வெட்டோ ஏறத்தாழக் கி.பி. 890ஐச் சார்ந்தது. அப்பழங்கன்னடக் கல்வெட்டில் பெங்களூருப் போர் குறிக்கப்படுகிறது. எனவே கதை கூறும் காலத்திற்கு முன்னரே பெயர் வழங்கியமை தெளிவாகும்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பெயரின் காரணம் யாது என்பதற்கு இக்கல்வெட்டு விடை தரவில்லை. பெயர் எக்காலத்திலேயே வழங்கியது என்பதற்கே சான்று தருகிறது. கதையை மறுத்த மாணவர் உடனே வேறொரு பெயர்க்காரணத்தைக் கற்பிப்பாராயின் பழைய பிழையையே மீண்டும் செய்தவராவார். சான்று விடையளிக்கக்கூடிய வினாவைத் தெரிவதே பொருள் தேர்வின் முதற்படியாகும்.

2. இரு மொழியில் ஒரு பெயர்

டொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இன்று எலகங்கா என வழங்கும் பகுதி இவ்வட்டாரத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘இலைப்பாக்க நாடு’ எனக் காணப்படுகிறது. பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாதல் மொழியியலார் நன்கறிந்த மாற்றம். தமிழ்ப் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆகும். ஹெப்பாளத்தில் 2018இல் கண்டறியப்பட்ட, ஏறத்தாழக் கி.பி. 750ஐச் சார்ந்த கன்னடக் கல்வெட்டு அப்பகுதியைப் பகர முதலாகவே ‘பெர்பொளல் நாடு’ எனக் குறிப்பதும் இம்மாற்றத்திற்கு முந்திய நிலையையே காட்டுகிறது.

இவற்றை ஒப்பிடுகையில் வினா தானே பிறக்கிறது. இலைப்பாக்கம் என்னும் தமிழ் வடிவம் பழைய பகரத்தைக் காத்து நிற்கிறதா, அல்லது தமிழ் எழுத்தர் தம் செவிக்குப் பழகிய ‘இலை’, ‘பாக்கம்’ என்னும் சொற்களாக அப்பெயரை மாற்றிக்கொண்டனரா? விடை எதுவாயினும் வட்டார வரலாற்றுக்குப் பயனுடையது. முன்னது ஒலி வரலாற்றுக்கும் பின்னது இருமொழிச் சூழலுக்கும் சான்றாகும். ‘எலகங்காவின் வரலாறு’ என்னும் தலைப்பால் இவ்வினா வெளிப்படாது.

3. மொழிபெயர்ப்பின் இடம்

இவ்வட்டாரக் கல்வெட்டுகளுக்கு அடிப்படைத் தொகுதி பி. எல். ரைசு பதிப்பித்த ‘எபிகிராபியா கர்நாடிகா’. பெங்களூரு மாவட்டத் தொகுதியும் கோலார் மாவட்டத் தொகுதியும் 1905இல் வெளிவந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் படித்துத் தலைப்பைத் தெரியும் மாணவர்க்கு மேற்காட்டிய வினா தோன்ற வாய்ப்பில்லை. மொழிபெயர்ப்பாளர் பொருள் விளங்கவேண்டிப் பழம்பெயருக்கு மாற்றாக இன்றைய பெயரை அமைப்பின், படிப்போர்க்கு எளிமை கிட்டும். ஆய்வுக்குரிய சான்றோ மறைந்துபோகும். கல்லில் உள்ள வடிவத்தை அவ்வாறே தந்து, இன்றைய பெயரை விளக்கமாக உடன்வைத்தலே முறை. எனவே மூலமொழியைப் படிக்கும் பயிற்சி, பொருளைத் தெரிந்த பின் தேடவேண்டியதன்று; தேர்வையே வரையறுப்பது.

4. முடிவுரை

தலைப்பை ஏற்குமுன் நெறியாளர் மூன்றனை நோக்குதல் வேண்டும்: அது வினா வடிவில் அமைகிறதா, மூலச்சான்றை மாணவர் தாமே படிக்கவியலுமா, எதிர்பார்த்த விடை பொய்ப்பினும் ஆய்வு பயன்படுமா என்பன அவை. இவற்றோடு களமும் இன்றியமையாதது. ரைசின் காலத்திற் பதிவான கற்களுட் பல இன்று அவ்விடங்களில் இல்லை. சிறியதொரு வினாவோடு ஒரு கல்லைத் தேடிச் செல்லும் மாணவர், விடை காணாவிடினும், அக்கல் இன்றும் உள்ளதா என்பதையேனும் பதிவு செய்வார். பரந்த தலைப்பு அப்பயனையும் தருவதில்லை.